அவையின் விருப்பமும் அவையின் தேவையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் செயற்குழுவின் சார்பாக நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கெல்லை வேங்கட மலை என்று தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. அம்மலையின் அடியில் திருப்பதியிலும், அதற்குத் தென்மேற்கே சித்தூரிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் நாம். 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலமும், 1956இல் ஆந்திரப் பிரதேசமும் அமைந்தன. 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு இடம் மாறிய காலத்தும், நம் அடுப்பங்கரையில் பேசும் மொழி மாறவில்லை. ஆனால் அம்மொழி அடுப்பங்கரையோடு நின்றுவிடுமோ என்னும் கவலை நம் எல்லோர்க்கும் உண்டு. அக்கவலையே இச்சங்கத்தைத் தோற்றுவித்தது. இன்று யாம் பேசப் புகுந்த பொருளும் அக்கவலையின் அடியாகப் பிறந்ததே.

பொருள் இதுதான்: ஓர் அவை விரும்புவது ஒன்று, அதற்குத் தேவையானது ஒன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? அறிந்தபின் செய்யத்தக்கது யாது?

நம் மொழியிலேயே இதில் ஒரு சிக்கல் இருக்கக் காண்கின்றோம். 'வேண்டும்' என்னும் ஒரு சொல்லை இரண்டிற்கும் வழங்குகின்றோம். குழந்தை, 'எனக்குப் பொம்மை வேண்டும்' என்கின்றது, அது விருப்பம். தாய், 'பயிருக்கு மழை வேண்டும்' என்கின்றாள்; அது தேவை. திருமலைக்கு ஏறிவரும் அடியார் தம் மனத்திலுள்ளதை 'வேண்டுதல்' என்கின்றனர். அதில் இரண்டும் கலந்திருக்கின்றன. சொல் ஒன்றாயிருத்தலின், பொருளும் ஒன்றென மயங்குகின்றோம். ஆகவே இவ்வுரையில் 'விருப்பம்' என்றும் 'தேவை' என்றும் இரு சொற்களையே ஆளுவோம்.

இனி, எம் தவறுகளை முதற்கண் சொல்லிவிடுகின்றோம். பிறர் குறையைச் சொல்லித் தொடங்குவதினும் தம் குறையைச் சொல்லித் தொடங்குவது அவைக்கு நேர்மையன்றோ?

சில ஆண்டுகட்கு முன்பு, ஆண்டு விழாவில் நல்ல தமிழ் நம்மவர் செவியில் விழவேண்டும் என்று துணிந்தோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பற்றிப் பேசப் புலமை மிக்க ஒருவரை அழைத்தோம். அவர் குறைவற உரைத்தார். ஆடலரங்கின் நீளமும் அகலமும் உயரமும் எத்தனை கோல், அக்கோலின் அளவு யாது, எழினிகள் எத்தனை வகை என்பவற்றையெல்லாம் இரண்டரை மணி நேரம் விரித்தார். ஏழு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. எட்டு மணிக்குப் பின்வரிசைகள் கலைந்தன. எட்டரைக்குக் குழந்தைகள் பசியால் அழத் தாய்மார் எழுந்தனர். ஒன்பது மணிக்குச் செயற்குழுவினரும், ஒலிபெருக்கிக்காரரும், நாற்காலிகளை எண்ணி எடுத்துச்செல்ல வந்தவருமே எஞ்சினோம். அரங்கின் இலக்கணத்தை ஆளில்லா அரங்கில் கேட்டோம். மறுநாள் யாம் கூடி, 'நம்மவர்க்குத் தமிழுணர்ச்சி குன்றிவிட்டது' என்று தீர்ப்பளித்தோம்.

அடுத்த ஆண்டு அத்தீர்ப்பின் பயனாக எதிர்த்திசையில் ஓடினோம். மெல்லிசைக் குழு ஒன்றை வரவழைத்தோம். திரைப்படப் பாடல்கள் மூன்று மணி நேரம் முழங்கின. மண்டபம் கொள்ளாமல் சன்னல் ஓரங்களிலும் மக்கள் நின்றனர், நன்கொடையும் பெருகிற்று. யாமும் மகிழ்ந்தோம். ஆனால் விழா முடிந்த மறுவாரம், 'சங்கத்தால் நம் வீடுகளில் எது மாறிற்று?' என எம்மை யாமே வினவிக்கொண்டபோது, விடை கூற ஒருவர்க்கும் நா எழவில்லை. அதே பாடல்களை அவரவர் கைபேசியில் அவரவர் கேட்டுக்கொள்ளலாமே. அதற்கு ஒரு சங்கம் எதற்கு?

முதலாண்டில் விருப்பத்தை மதியாமல் தேவையைக் கொடுத்தோம். மறு ஆண்டில் தேவையை மறந்து விருப்பத்தைக் கொடுத்தோம். இவ்வாறுதான் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தோம். பின்னர் ஆராய்ந்தபோது, முதலாண்டில் நாம் கொடுத்தது அவையின் தேவையுமன்று என்பது புலனாயிற்று. அரங்கத்துக் கோல் அளவை அறிந்தே தீரவேண்டும் என்னும் தேவை நம் காலனியில் எவர்க்கு இருந்தது? உயர்ந்த பொருளை மேடையேற்றினோம் என்னும் பெயர் எமக்கு வேண்டியிருந்தது. அதாவது, அவையின் தேவை என்று யாம் சொன்னது உண்மையில் எம் விருப்பமே!

அன்பர்களே, இவ்வுரையின் உயிர்நிலை இதுவே. விருப்பம், தேவை என இரண்டுதான் உள்ளன என்று பலரும் கருதுவர். மூன்றாவது ஒன்று உண்டு. அது மேடையில் நிற்பவனின் விருப்பம். அது தன் முகத்தை மறைத்துக்கொண்டு, 'நானே அவையின் தேவை' என்று வேடமிட்டு வரும். அவையின் விருப்பத்தை அறிய நூறு பேரைக் கேட்டால் போதும். மேடையிலிருப்பவன் தன் விருப்பத்தை அறிவதோ அரிதினும் அரிது.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'அவையறிதல்' என்னும் அதிகாரத்தை முன்னும், 'அவையஞ்சாமை' என்னும் அதிகாரத்தைப் பின்னும் வைத்தார். இம்முறை வைப்பை எண்ணிப் பார்மின். அஞ்சாது பேசும் ஆற்றலுக்கு முன்னே, எவர்முன் பேசுகின்றோம் என்னும் அறிவு வேண்டும். நன்னூல் செய்த பவணந்தியாரும், ஆசிரியன் பாடம் சொல்லும் முறையை வகுக்குமிடத்து, கேட்போன் எவ்வளவு ஏற்பான், எவ்வகையால் ஏற்பான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு சொல்லவேண்டும் என்றார். கேட்போனை அறிவதைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே அப்பெரியார் வைத்தார். யாமோ பாடத்தை அறிந்தவரைத் தேடினோம். கேட்போரை அறிய முயன்றோமில்லை.

இதனைச் செவ்வனே அறிந்து செய்தவர்கள் இருக்கின்றனரா? இருக்கின்றனர். ஒரு சான்று நாடக மேடையிலிருந்து. மற்றொன்று நம் திருமலையிலிருந்தே.

1891ஆம் ஆண்டு. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் என்னும் பதினெட்டு வயது இளைஞர் இருந்தார். அந்நாளைய தமிழ் நாடகங்கள் இரவு முழுதும் நீளும். பாட்டின்மேல் பாட்டாகத் தொடரும். கற்றவர் பலர் அவற்றைக் காணவும் நாணினர். இவர்க்கும் தமிழ் நாடகத்தின்மேல் வெறுப்பே இருந்தது. அவ்வாண்டு பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசாரியார் தலைமையில் ஒரு குழு வந்து சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடித்தது. நன்கு கற்றவர்கள், தொழிலுக்காகவன்றிக் கலைக்காக நடித்தனர். அதனைக் கண்ட இளைஞர் உள்ளம் மாறியது. தமிழிலும் இவ்வாறு செய்தல் வேண்டும் என்று எண்ணி, அவ்வாண்டிலேயே நண்பர் சிலரோடு கூடிச் சுகுண விலாச சபையை நிறுவினார். பின்னர்த் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். அவற்றுள் ஒன்றாகிய 'மனோகரா' 1954இல் திரைப்படமாகவும் வந்து பெரும்புகழ் பெற்றதை நம் பெரியோர் அறிவர்.

இங்கே நோக்கவேண்டியது ஒன்று. உரைநடை உரையாடலால் அமைந்த, சில மணி நேரத்தில் முடியும் தமிழ் நாடகம் வேண்டும் என்று 1891க்கு முன் எந்த அவையும் கூக்குரலிட்டதில்லை. காணாத ஒன்றை எவரும் கேட்க இயலாது. ஆனால் கற்றவர் நாடகத்தை விட்டு விலகி நின்றனரே, அந்த விலகலே அவர்தம் தேவையை அறிவித்தது. வராதவன் ஏன் வரவில்லை என்று எண்ணிப் பார்த்தவரே அவையை அறிந்தவராவார். பல்லாரியிலேயே தருமவரம் இராமகிருஷ்ணமாசாரியார், துன்பத்தில் முடியும் நாடகத்தைத் தெலுங்கில் துணிந்து எழுதினார். நாடகம் மங்கலமாகவே முடிய வேண்டும் என்னும் பழைய மரபை மீறிய அவருடைய சாரங்கதரன் நாடகத்தை மக்கள் ஏற்றுக்கொண்டனர். அழுவதற்கு எவரும் கட்டணம் கொடுத்து வருவதாகச் சொல்லமாட்டார். ஆயினும் மனிதர்க்கு அழவேண்டிய தேவையும் உண்டன்றோ?

தெலுங்கு மேடை தந்த ஒளியால் தமிழ் மேடை விளக்கேற்றிக்கொண்டது என்பதை எல்லையில் வாழும் நாம் மறத்தலாகாது. அதுபோலவே, குண்டூர்ப் பகுதியில் பிறந்து, நம் சித்தூரின் இராம விலாச சபை நாடகங்களில் பெயர் பெற்று, அவ்வூர்ப் பெயரையே தம் பெயரின் முன் தாங்கிய சித்தூர் நாகையா அவர்கள், தெலுங்குப் படங்களில் மட்டுமின்றி 'அசோக்குமார்', 'மீரா' முதலிய தமிழ்ப் படங்களிலும் நடித்து இரு மொழி அவைகட்கும் உரியவரானார்.

இனித் திருமலைக்கு வருவோம். தாளப்பாக்கம் அன்னமாசாரியார் 1408இல் பிறந்து 1503இல் மறைந்தவர் என்பர். திருவேங்கடமுடையான்மீது அவர் முப்பத்திரண்டாயிரம் கீர்த்தனைகள் பாடினார் என்பது மரபு. அவர் வழியினர் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலினுள் ஒரு சிறு கல்லறையில் சேமித்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அச்செப்பேடுகள் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடந்தன. நாள்தோறும் ஆயிரக்கணக்கான அடியார் அவ்வழியே சென்றனர். ஒரு சில பாடல்களே மக்கள் வாயில் வழங்கிவந்தன. எஞ்சியவற்றைக் கேட்பார் இல்லை. 1922ஆம் ஆண்டளவில் அவை அறிஞர் கவனத்திற்கு வந்தன. பின்னர், ஏறத்தாழப் பன்னீராயிரம் பாடல்கள் கிடைத்துள்ளமை தெரியவந்தது.

அறிஞர்கள் அவற்றைப் படித்தெழுதினர்; வேட்டூரி பிரபாகர சாஸ்திரியார் போன்றோர் பெரிதும் உழைத்தனர்; தேவஸ்தானம் நூல்களாக வெளியிட்டது. ஆயினும் மக்கள் உடனே பாடத் தொடங்கிவிடவில்லை. காரணம் எளிது. செப்பேட்டில் ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் இராகத்தின் பெயர் மட்டுமே உண்டு, சுரக்குறிப்பு இல்லை. ஏட்டுப் பாடல் புலவர்க்குப் போதும், பாடகர்க்குப் போதாது. இந்நிலையில், மைசூர் மகாராஜா கல்லூரியில் தெலுங்குப் பேராசிரியராயிருந்து ஓய்வு பெற்ற இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா அவர்கள் திருப்பதிக்கு வந்தார். புலமையும் இசையும் ஒருங்கே வாய்ந்த அவர், பல பாடல்கட்கு இசையமைத்துச் சுரக்குறிப்போடு வெளிவரச் செய்தார். அதன் பின்னரே பாடகர்கள் அவற்றை எடுத்தாளலாயினர். 1979, 1980ஆம் ஆண்டுகளில் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய 'பாலாஜி பஞ்சரத்னமாலை' இசைத்தட்டுகள் வெளிவந்தபின், அப்பாடல்கள் வீடுதோறும் ஒலித்தன. மதுரையில் பிறந்த அவ்வம்மையாருக்குத் திருப்பதி நகரில் சிலை நிற்பதை நம் பிள்ளைகள் நாள்தோறும் காண்கின்றனர்.

இவ்வரலாற்றை மீண்டும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பொருள் இருந்தது, தேவையும் இருந்தது. ஆனால் செப்பேட்டிலிருந்து நாவிற்கு வரும் வழி இல்லை. தேவையான பொருளைக் கண்டெடுத்து அச்சிட்டது அரும்பணி. அதனினும் அரும்பணி, அதனை மக்கள் வாயில் வந்து அமரும் வடிவில் தந்தது. யாம் சிலப்பதிகாரப் பேச்சில் செய்த பிழை இதனால் விளங்கும். செப்பேட்டையே எடுத்து வந்து அவையின் மடியில் வைத்துவிட்டு, 'ஏன் பாடவில்லை?' என்று சினந்தோம்.

அன்னமாசாரியாரே அவையறிந்தவர். அவர் தாலாட்டு மெட்டிலும், உலக்கைப் பாட்டு மெட்டிலும், திருமணப் பாட்டு மெட்டிலும் பாடினார். நெல் குற்றும் பெண்டிர்க்குக் கைவலி மறக்க ஒரு பாட்டு வேண்டியிருந்தது, அது விருப்பம். அதே பாட்டில் இறைவன் திருப்பெயர் உள்ளே சென்றது. நம் தமிழிலும் இது பழைய வழியே. மாணிக்கவாசகர் திருப்பொற்சுண்ணம் பாடினார்; சுண்ணம் இடிக்கும் மகளிர் பாட்டு அது. திருவம்மானை, திருச்சாழல், திருப்பொன்னூசல் எல்லாம் மகளிர் விளையாட்டுகளே. ஆண்டாள் நாச்சியார் பாவை நோன்பு நோற்கும் சிறுமியர் குழுவை அப்படியே பாட்டில் அமைத்தார். அத்திருப்பாவை மார்கழித் திங்களில் திருமலையில் சுப்ரபாதத்தின் இடத்தில் இன்றும் ஓதப்படுவதை இவ்வூரில் அறியாதார் யார்?

'கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது போல' என்று இதற்கு உவமை கூறுவது வழக்கம். அவ்வுவமையை யாம் ஏற்கவில்லை. அவை நோயாளி அன்று. மேடையில் நிற்பவன் மருத்துவனும் அல்லன். தேனைக் காட்டி ஏமாற்றும் எண்ணம் திருப்பொற்சுண்ணத்தில் இல்லை. இடிக்கும் கையின் தாளமே அப்பாட்டின் தாளம். அதனை நீக்கினால் பாட்டே இல்லை. விருப்பம் உறையன்று, வாயில். வாயிலை இடித்துவிட்டு வீட்டிற்குள் செல்ல இயலாது. வாயிலிலேயே நின்றுவிட்டாலும் வீட்டை அடைந்தோம் ஆகோம்.

இனி, இம்மண்டபத்திற்கே திரும்புவோம்.

அடுத்த விழாவுக்கு முன்பு, வீடுதோறும் ஒரு துண்டுத் தாள் கொடுத்து, 'எந்நிகழ்ச்சி வேண்டும்?' என்று எழுதக் கேட்டோம். திரைப்பாடல், நகைச்சுவைப் பட்டிமன்றம், குழந்தைகள் நடனம் என்றே பெரும்பாலான தாள்கள் வந்தன. ஒரு மூதாட்டியார் 'பழைய பாட்டு' என்று இரண்டே சொற்கள் எழுதச் சொல்லியிருந்தார். அவர் விரும்பியவாறே பழைய பாடல்கள் சிலவற்றைப் பாடச் செய்தோம். நிகழ்ச்சி முடிந்து மண்டபத்து வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் எம்மைக் கூப்பிட்டார்.

"தம்பி, பாட்டெல்லாம் நன்றாயிருந்தது. என் பேரன்கூடக் கை தட்டினான். ஒன்று கேட்கவா? ஊரிலிருந்து என் தங்கை வீட்டுக் கலியாணப் பத்திரிகை வந்திருக்கிறது. எனக்குக் கண் தெரியவில்லை. அவனுக்கு எழுத்துத் தெரியவில்லை. முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று நீங்கள் படித்துச் சொல்லுகிறீர்களா?"

படித்துச் சொன்னோம். அவர் மகிழ்ந்து சென்றார். எமக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. தமிழ் பேசும் வீட்டில், தமிழ்ப் பத்திரிகையைப் படிக்க ஒருவரும் இல்லை. துண்டுத் தாளில் அதனை அவர் எழுதச் சொல்லவில்லை. ஏனெனில் அது 'நிகழ்ச்சி' அன்று. விருப்பத்தை அவையின் நடுவே சொல்லுவர்; தேவையைச் செருப்புத் தேடும் இடத்தில் சொல்லுவர். அதன்பின் யாம் வாயிலில் நின்று கேட்கத் தொடங்கினோம். 'பிள்ளைக்குத் தமிழெழுத்து வருமா?' என்று பல தாய்மார் தயங்கித் தயங்கிக் கேட்டனர். சிலர் குரலில் நாணமும் இருந்தது. நாணத்தோடு கேட்கும் ஒன்றை எவரும் தாளில் எழுதமாட்டார்.

ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புத் தொடங்கினோம். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தனர். யாம் பழைய வழக்கப்படி, தமிழெழுத்து இருநூற்று நாற்பத்தேழு என்று கரும்பலகையில் எழுதினோம். எழுத்தின் வகைகளை மனப்பாடம் செய்யச் சொன்னோம். இரண்டு திங்களில் ஐந்து பிள்ளைகள் எஞ்சினர். தேவையை அறிந்த பின்னும் தோற்றோம்! தேவையை அறிதல் வேறு. அதனைத் தரும் வகை அறிதல் வேறு என்பதை, இராள்ளபள்ளியாரின் வரலாறு அறிந்திருந்தும் உணராமற் போனோம்.

அப்போது பிள்ளைகளுள் ஒருவனின் தாயார் ஒரு கருத்துச் சொன்னார். "இவர்கள் பள்ளியில் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஒன்றும் தெரியாதவர்களைப்போல் நீங்கள் தொடங்குகிறீர்களே" என்றார். உண்மையன்றோ? தெலுங்கு அறிந்த பிள்ளைக்கு உயிரும் மெய்யும் கூடும் முறை முன்பே தெரியும். ககர வரிசையில் தெலுங்கில் நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்றே. ஆகவே அவனுக்குக் கற்க வேண்டிய எழுத்துக் குறைவு. ஆனால் ஐயம் வேறு. 'காகம்' என்னும் சொல்லில் முதல் ககரம் ஒரு விதமாகவும் இரண்டாம் ககரம் வேறு விதமாகவும் ஏன் ஒலிக்கின்றன என்பதே அவன் கேள்வி. அக்கேள்விக்கு விடை சொன்னால் அவன் படிக்கத் தொடங்கிவிடுவான். யாமோ அவன் கேளாத இருநூற்று நாற்பத்தேழை அவன் தலையில் ஏற்றினோம்.

பின்பு பிள்ளைகளையே கேட்டோம். தாம் பாடும் திரைப்பாடலைத் தாமே எழுதிப் படிக்கவேண்டும் என்றான் ஒருவன். வேலூர்ப் பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர்ப் பலகையைப் படிக்கவேண்டும் என்றாள் ஒருத்தி. எந்த மெல்லிசையை 'வெறும் விருப்பம்' என்று ஒதுக்கினோமோ, அதுவே எம் பாடநூலாயிற்று. பாடல் வரிகளை எழுதினர், படித்தனர், பிழையைத் தாமே கண்டனர். அதன்பின் பேருந்துப் பலகை. அதன்பின் நாளிதழ்த் தலைப்பு. பின்னர்ச் சிறு கதை. விட்டுச் சென்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக மீண்டனர்.

தைத் திங்களில் அம்மூதாட்டியார் வீட்டிற்கு மற்றொரு பத்திரிகை வந்தது. பேரன் எடுத்து வைத்துக்கொண்டு, 'நிகழும்' என்னும் முதற்சொல்லிலேயே ழகரத்தில் தடுக்கினான். பாட்டி சிரித்துக்கொண்டே நாவை மடித்துக் காட்டித் திருத்தினார். அவர்க்குக் கண் தெரியாது. அவனுக்கு ஒலி தெரியாது. இருவரும் சேர்ந்து முகூர்த்த நேரம் வரைக்கும் படித்து முடித்தனர். இதனை அவர் எமக்குச் சொன்னபோது, இச்சங்கம் இருப்பதற்கு ஒரு பொருள் உண்டு என்று தெளிந்தோம்.

அன்பர்களே, இவற்றால் யாம் கற்ற மூன்றினைச் சொல்லி முடிக்கின்றோம்.

முதலாவது: கேட்டதைக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், கேளாததையும் நோக்குதல் வேண்டும். வராதவர் எவர், இடையில் எழுந்து சென்றவர் எவர், வாயிலில் தயங்கி நின்றவர் எவர் என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது: விருப்பம் மட்டும் நிறைவேறினால், மக்கள் அதனையே மறுமுறையும் கேட்பர். தேவை நிறைவேறினால், அதற்கடுத்த படியைக் கேட்பர். திரைப்பாடல் எழுதிய பிள்ளை இப்போது கதைப்புத்தகம் கேட்கின்றான். ஒரு நிகழ்ச்சி எதனைத் தந்தது என்பதை அறிய இதனினும் நல்ல அளவுகோல் எமக்குத் தெரியவில்லை.

மூன்றாவது: 'இது அவையின் தேவை' என்று ஒருவர் வற்புறுத்தும்போது, 'இதனை வேறொருவர் செய்து, புகழும் அவர்க்கே சென்றாலும், நாம் இதனை இவ்வளவு வற்புறுத்துவோமா?' என்று தம் நெஞ்சையே கேட்டுக்கொள்ளல் வேண்டும். செயற்குழுவினராகிய எமக்கே இக்கேள்வி முதலில் உரியது.

உங்கள்பால் யாம் வைக்கும் விண்ணப்பமும் சிறிதே. விழாவில் பாட்டும் ஆட்டமும் இருக்கும்; அவற்றைக் குறைக்க மாட்டோம். அவற்றோடு, ஞாயிற்று வகுப்பிற்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். உங்களுள் படிக்கத் தெரிந்தவர் வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள். அடுத்த ஆண்டு மலரில் ஒரு பக்கமேனும் நம் பிள்ளைகள் தம் கையால் எழுதியதாக இருத்தல் வேண்டும். அதில் பிழை இருப்பினும் திருத்தாமல் அச்சிடுவோம். தாத்தா பாட்டிமார் வீட்டில் திருத்தட்டும்.

பேச்சுக்கு இருபது நிமிடம் என்று செயற்குழு வரையறுத்த விதியை இன்று யாமே கடந்துவிட்டோம் போலும். பின்வரிசையில் சில குழந்தைகள் நெளிவதையும் காண்கின்றோம். அவர்கட்கு இப்போது தேவை எம் பேச்சன்று, உணவே. விருப்பமும் அதுவே! இரண்டும் ஒன்றுபடும் அரிய வேளையில் குறுக்கே நிற்றல் முறையன்று.